பூட்டு இல்லாத போன்

(இரண்டாம் ஆண்டு மாணவி, பொருளியல் துறை)

ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டுத் தமிழ்ப் பேராசிரியர் எங்கள் வகுப்புக்கு வந்தபோது தோழியர் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தி தாய்மை, ஒருத்தி மழைநீர் சேகரிப்பு, ஒருத்தி பாரதியும் பெண் விடுதலையும். எனக்கு எஞ்சியது என் செல்போன் ஒன்றுதான். சிரிக்க வேண்டாம். இன்று நான் உங்களோடு ஒரே பெஞ்சில் அமர்ந்திருப்பதற்கு அந்தப் போனும், அதற்குள் எழுதப்பட வேண்டியிருந்த ஒரேயொரு சொல்லும் காரணம்.

என் ஊர் தேர்வாய் கண்டிகை. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டிய ஊர். சத்தியவேடு எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட எங்கள் மேய்க்கால் நிலத்தில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. வேண்டாமென்று ஊரார் போராடியும் வந்தது. என் தந்தையார் அந்தக் காட்டில் ஆடு மேய்த்தவர். இப்போது அதே இடத்தில் ஒரு தொழிற்சாலையில், ஒப்பந்தக்காரரிடம் தோட்ட வேலை பார்க்கிறார். அவரை நான் ‘நைனா’ என்றுதான் அழைப்பேன். தெலுங்கு கலந்த எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம்.

2024 மே 6ஆம் நாள் பிளஸ் டூ தேர்வு முடிவு வந்தது. நான் தேறியிருந்தேன். அரசு கலைக் கல்லூரிகளுக்கு இணையவழியில்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். பதிவுக் கட்டணம் 2 ரூபாய், விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு அந்த 48 ரூபாயும் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் இருந்ததோ பொத்தான் போன். கல்லூரிகளிலேயே உதவி மையம் வைத்திருந்த செய்தி எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அப்போதுதான் சித்தி வந்தாள். சென்னையில் அவள் வேலை செய்யும் வீட்டம்மாவின் மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது விட்டுச் சென்ற பழைய போனைக் கொண்டுவந்தாள். “கம்பெனி பூட்டெல்லாம் அவரே எடுத்துட்டாராம். எந்த சிம்மு வேணா போடலாம்டி” என்றாள்.

பூட்டு என்றால் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் தொலைபேசி நிறுவனங்களே தவணைக்குப் போனை விற்கும். தவணை முடியும்வரை வேறு நிறுவனத்தின் சிம் அதில் வேலை செய்யாதபடி மென்பொருளால் பூட்டி வைக்கும். பயனீட்டாளர் அந்தப் பூட்டைத் திறந்துகொள்ள இடமளித்து 2014இல் அங்கே சட்டமே இயற்றினார்கள். நம் நாட்டில் போனைக் கடையில் தனியாகவும் சிம்மைத் தனியாகவும் வாங்குவதே பெருவழக்காதலால் இந்தத் தொல்லையை நாம் அதிகம் அறியவில்லை. ஜியோபோன் போன்ற சிலவற்றில்தான் கண்டோம்.

நைனாவின் சிம்மைக் கழற்றி அதில் போட்டேன். சிக்னல் கோடுகள் நிமிர்ந்து நின்றன. சித்திக்குப் போன் செய்தேன், பேசினாள். குறுஞ்செய்தி போயிற்று, வந்தது. இணையத்தைத் தொட்டால் மட்டும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரீசார்ஜ் செய்திருக்கிறது, டேட்டா பொத்தானும் போட்டிருக்கிறது, பிறகு ஏன்? விண்ணப்பிக்க இன்னும் இரண்டே நாள்.

ஒரு செல்போன் கடைக்குப் போனேன். கடைக்காரர் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இது ஃபாரின் செட்டும்மா. இங்க நெட் எடுக்காது. போர்டு மாத்தணும், இரண்டாயிரம் ஆகும்” என்றார். நைனாவுக்கு அது நான்கைந்து நாள் கூலி. வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. (அவர் சொன்னதில் பாதி உண்மை. சில வெளிநாட்டுப் போன்களில் நம் நாட்டு அலைவரிசைகள் சில இருக்காது. அப்படிப்பட்ட போனுக்கு வைத்தியமே கிடையாது. என் போனுக்கு வந்த நோய் அதுவன்று.)

மறுநாள் காலை, புகாருக்கென்று எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவாக உள்ள 198ஐ அழைத்தேன். முதலில் தெலுங்குப் பாட்டு. அதன்பின் தெலுங்கில் ஒரு குரல். எல்லையில் வாழ்ந்தால் இதுவும் உண்டு. எண்களை மாற்றி மாற்றி அழுத்தி, கடைசியில் தமிழ் பேசும் ஒரு பெண்ணைப் பிடித்தேன். நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டவள், “ஏபிஎன் இருக்கான்னு பாருங்க மேடம்” என்றாள். மேடம்! என்னைத்தான்.

அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் என்ற பிரிவினுள் ‘ஆக்சஸ் பாயிண்ட் நேம்’ என்று ஒன்று உண்டு. அதைச் சுருக்கி ஏபிஎன் என்பார்கள். என் போனில் அந்த இடத்தில் ஏதோ அமெரிக்க நிறுவனத்தின் பெயர் உட்கார்ந்திருந்தது.

பக்கத்தில் நின்ற நைனா, “அது இன்னாம்மா?” என்றார். அந்தப் பெண் சொன்னதை நான் எனக்குப் புரிந்தமட்டும் சொன்னேன். அவர் சற்று யோசித்தார். “எங்க கம்பெனி மாதிரிதான். கேட்டு மூணு நாலு இருக்கும். எந்தக் கேட்டுன்னு பாஸ்ல போட்டிருக்கணும். போடலேன்னா வாட்ச்மேன் முப்பது வருஷமா அந்த மண்ணுல நடந்தவனையும் உள்ள உடமாட்டான்.”

அதற்கு மேல் நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் கேட்டதில்லை. கோபுரம் வரை போவது ஒன்று. அங்கிருந்து இணையத்துக்குள் நுழைவது வேறொன்று. நுழைவதற்கு நிறுவனம் வைத்திருக்கும் வாசலின் பெயர்தான் ஏபிஎன். அந்தப் பெயரைச் சரியாகச் சொன்னால் வாசலில் நம் போனுக்கு ஒரு முகவரி எண் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். சாதாரண அழைப்புக்கும் குறுஞ்செய்திக்கும் இந்த வாசல் வேண்டாம். அதனால்தான் பேச்சு வந்தது, இணையம் வரவில்லை. (2016இல் வந்த ஜியோவில் மட்டும் பேச்சே 4ஜி டேட்டா வழியாகத்தான் போகும்.) வழக்கமாக சிம்மில் உள்ள எண்ணைப் படித்துப் போன் தானே வாசலைத் தெரிந்துகொள்ளும். இந்திய சிம் என்றால் அந்த எண் 404 அல்லது 405 என்று தொடங்கும். ஒரு வெளிநாட்டு நிறுவனத்துக்கென்றே செய்த போனில் அந்தப் பட்டியல் குறைவாக இருந்தால் நாம்தான் கையால் எழுதவேண்டும். ஏர்டெல் என்றால் ‘ஏர்டெல்ஜிபிஆர்எஸ் டாட் காம்’, பிஎஸ்என்எல் என்றால் ‘பிஎஸ்என்எல்நெட்’, ஜியோ என்றால் ‘ஜியோநெட்’, இவற்றை ஆங்கில எழுத்தில், இடையில் வெளி விடாமல். பயனர் பெயர், கடவுச்சொல் என்று கேட்கும் கட்டங்களை வெறுமனே விட்டுவிடலாம்.

எழுதினேன். வரவில்லை. உற்றுப் பார்த்தால், விசைப்பலகை தன் மேதாவித்தனத்தில் நடுவே ஓர் இடைவெளி விட்டிருந்தது. திருத்தினேன். பின்னால் போகும் பொத்தானை அழுத்தியதும் எழுதியதெல்லாம் மாயமாயிற்று! மேல் மூலையில் மூன்று புள்ளி, அதைத் தொட்டால்தான் ‘சேமி’ என்ற சொல்லே வெளியில் வரும். இதை அங்கே ஒளித்து வைத்த புண்ணியவான் யாரோ! மூன்றாம் முறை சேமித்தேன். பெயருக்கு எதிரில் உள்ள சிறு வட்டத்தைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க மறந்தேன். நான்காம் முறை எல்லாம் சரி. போனை அணைத்து ஏற்றினேன்.

அப்போதும் வரவில்லை.

“விடு பாப்பா, நாளைக்கு லீவு போட்டுட்டு கும்மிடிப்பூண்டி போலாம்” என்றார் நைனா. லீவு போட்டால் கூலி கிடையாது. நாளை மறுநாள் வரச்சொல்லி ஒப்பந்தக்காரர் ஆளையே மாற்றிவிடவும் கூடும். எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். இருவரும் பேசாமல் ஏரிப் பக்கம் நடந்தோம். கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம் அது. 2020 நவம்பர் 21இல் திறந்தார்கள். 500 மில்லியன் கன அடி கொள்ளும். சென்னை குடிப்பதற்காகக் கட்டிய ஏரி.

கரை மேட்டில் ஏறி நின்றதும் கையிலிருந்த போன் சிலிர்த்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் செய்திகள் விழுந்தன. சிக்னல் கோட்டருகே காலை முதல் இருந்த ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தைக் காணவில்லை. வீட்டில் இருக்கும்போது போன் ஆந்திரக் கோபுரத்தைப் பிடித்திருக்கிறது. ஆர் என்பது ரோமிங்கின் முதலெழுத்து. டேட்டா ரோமிங் என்ற பொத்தானைப் போட்டிருந்தால் வீட்டிலேயே வந்திருக்கும் என்பது பிறகு கற்ற பாடம். அப்போது அதெல்லாம் யாருக்குத் தெரியும்? கரைமேட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலை ஆறு மணிக்குத் தொடங்கினேன். பெயர், பிறந்த நாள், எமிஸ் எண், மதிப்பெண். ஓடிபி வந்தது. பாடம் தேர்ந்தெடு என்றது. பொருளியல் என்று போட்டேன். ஏன் என்று கேட்டால் இப்போதும் சரியான விடை இல்லை. கூலியைப் பற்றிய பாடமாக இருக்கும் என்று நினைத்தேன் போலும். இருட்டிவிட்டது. கொசு பிடுங்கியது. நைனா துண்டை வீசிக் கொசு ஓட்டினார். வீசும்போதெல்லாம் “கோடு இருக்குதா, கோடு இருக்குதா” என்று கேட்டார். பேட்டரி ஒன்பது விழுக்காட்டில் நின்றபோது ‘விண்ணப்பம் ஏற்கப்பட்டது’ என்று திரையில் வந்தது. நைனாவுக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். போனை வாங்கி அந்த இரண்டு சொல்லையும் தாமே கூட்டிப் படித்தார். நான் குறுக்கே பேசவில்லை.

அதற்குப்பின் எங்கள் தெருவில் யார் வெளிநாட்டுப் போன் கொண்டுவந்தாலும் என்னிடம்தான் வரும். இரண்டு நிமிட வேலை. காசு வாங்குவதில்லை, ஒரு பாட்டி மட்டும் வம்படியாக முருங்கைக்காய் கொடுத்துவிட்டுப் போனாள். அந்தக் கடைக்காரரை இப்போதும் பேருந்திலிருந்து பார்ப்பேன். கோபமெல்லாம் இல்லை.

நைனாவுக்கு மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. நான் கல்லூரியிலிருந்து வந்ததும் போனை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, மூலையில் ‘ஆர்’ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் தருவார்.