திருகோணமலையில் நத்தார் மாலை

இலங்கைத் தமிழர் நத்தார் என வழங்கும் கிறிஸ்து பிறப்பு விழாவையொட்டிப் பாடசாலைகளும் அலுவலகங்களும் டிசம்பரில் நடத்தும் ஒளிவிழா, அதாவது மெழுகுதிரி ஏற்றிக் கரோல் பாடல்களையும் நாடகங்களையும் அரங்கேற்றும் நிகழ்ச்சி, சமயம் கடந்து நண்பர்களை ஓரிடத்தில் அமர்த்துகிறது.

1893இல் யாழ்ப்பாணத்திலிருந்து பிரிந்து தனி மறைமாவட்டமாக, அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள திருச்சபைப் பிரிவாக, அமைந்த திருகோணமலையில், புனித மரியாள் பேராலயத்தின் பாலன் குடிலை, இயேசு பிறந்த தொழுவத்தைக் காட்டும் சிற்றமைப்பை, இங்கு கோணேசராக எழுந்தருளும் சிவனை வணங்கும் இந்து நண்பரும் கிறித்தவத் தோழரோடு சென்று காண்பது இத்துறைமுக நகரின் பெருஞ்செல்வம்.

2004 நத்தாருக்கு மறுநாள் காலையில் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கி, எல்லாச் சமயத்தவர் வீடுகளிலும் துயரை நிறைத்தது. ஆதலால் நண்பரோடு கழியும் நத்தார் மாலை இங்கே பெறற்கரிய பேறு.

சமயம் கடந்த இந்நட்பை அடுத்த தலைமுறைக்கு ஒளிவிழா மட்டுமே கையளித்துவிடுமா?