ஒரு சீப்பும் கொஞ்சம் பச்சை ரிப்பனும்

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

போன ஞாயிறு பேத்தி சென்னையிலிருந்து வீடியோவில் கூப்பிட்டாள். பள்ளியில் கடல்வாழ் உயிரினங்கள் பற்றி மாடல் செய்துவரச் சொன்னார்களாம். கடையில் வாங்கியதைக் காட்டினாள். திமிங்கலம், பென்குயின், நட்சத்திர மீன், பவளம் எல்லாம் ஒரே நீல அட்டையில். "நல்லா இருக்கா தாத்தா?" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 1996-ல் நானும் இதையேதான் செய்தேன்.

மண்டபம் பக்கத்தில் என்னிடம் ஏழாம் வகுப்புப் படித்தவர்களுக்கு அந்தப் பெட்டி ஞாபகம் இருக்கும். மீன் கம்பெனியில் கேட்டு வாங்கிய தெர்மாகோல் ஐஸ் பெட்டி. ஒரு பக்கத்தை அறுத்துக் கண்ணாடித்தாள் ஒட்டினோம். அடியில் கடற்கரை மணல். மெழுகுவர்த்தியை உருக்கிக் குளிர்ந்த தண்ணீரில் ஊற்றினால் கிளை கிளையாக உறையும், அதுதான் பவளம். பச்சை ரிப்பனைக் கிழித்துக் கடல் புல். களிமண்ணில் ஒரு கடல்பசு.

நான் மேலூர்க்காரன். கடலைப் புத்தகத்தில் பார்த்தவன். கடல்பசுவைப் பவளத்துக்கு நடுவில் வைத்தேன், பார்க்க அழகாக இருந்தது.

கடைசி வரிசையில், வாயே திறக்காத பையன் ஒருவன் எழுந்தான். "சார், ஆவுளியா பார்ல மேயாது. தாழையிலதான் மேயும்."

ஆவுளியா என்றால் கடல்பசு, பார் என்றால் கடலுக்கடியில் இருக்கும் பாறைத் திட்டு, தாழை என்றால் கடல் புல் என்று அன்றுதான் கற்றுக்கொண்டேன். அதன்பிறகு வகுப்பு முழுக்கப் பேச ஆரம்பித்துவிட்டது. கரையோரம் தாழை. அதில் கடல் குதிரை, இறால் குஞ்சு, நண்டுக் குஞ்சு. தள்ளிப் போனால் பார். அப்புறம் சேறு. பெட்டியைக் கலைத்து அவர்கள் சொன்னபடி அடுக்கினோம். எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தேன். பவளம் கல் இல்லை, சின்னஞ்சிறு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. கடல் புல் பாசி இல்லை, பூப்பூக்கும் செடி. கடல்பசு நம்மைப் போலக் குட்டிக்குப் பால் கொடுக்கிற பிராணி, மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். அதற்காகக் களிமண் பொம்மையில் நூல் கட்டி மேலும் கீழும் இழுக்கும்படி செய்தோம். அந்த நூலுக்குப் பிள்ளைகளிடம் ஒரே அடிதடி.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நான் ஒரு சீப்பைச் சேர்த்தேன்.

சீப்பில் கயிறு கட்டி மணல்மேல் இழுத்தால் ரிப்பன் எல்லாம் பிடுங்கிக்கொண்டு வரும். இழுவை மடி கடலடியில் என்ன செய்கிறது என்று காட்டுவதற்காக. விசைப்படகுகள் கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் மீன்பிடிக்கக் கூடாது என்று 1983-ல் வந்த சட்டத்தையும் சொன்னேன். அறிவியல் கண்காட்சிக்கு முந்தின நாள், எல்லார் முன்னாலும் அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கயிற்றைக் கொடுத்தேன். கெட்டிக்காரன், அவனே இழுக்கட்டும் என்று நினைத்தேன்.

"நான் இழுக்க மாட்டேன் சார்."

பின்னாலிருந்து ஒருவன், "அவங்க அப்பாதான் தெனம் இழுக்குறாரே!" என்றான். நாட்டுப்படகு வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். விசைப்படகு வீட்டுப் பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஒரே வகுப்பில் இரண்டு கூட்டம் இருந்தது, எனக்குத்தான் தெரியவில்லை. கண்காட்சியில் எங்கள் பெட்டிக்குப் பரிசு கிடைத்தது. அதை வாங்க அவன் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அவன் அப்பா பாயை விரித்து உட்காரச் சொன்னார். "படகு என்னோடது இல்ல சார், நான் கூலிக்குப் போறவன். மடியில தாழை வேரோட வர்றது எனக்குத் தெரியாதா? பிள்ளைகளுக்குச் சொல்லிக்குடுங்க, வேணாங்கல. ஆனா அந்தச் சீப்ப என் மவன் கையில குடுக்காதீங்க."

பதில் சொல்ல முடியவில்லை. அன்று இரவு என் வீட்டில் இறால் தொக்கு. மடி முக்கியமாக இறாலுக்காகத்தான் இழுக்கப்படுகிறது. தட்டைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த வருடம் முதல் சீப்பை நானே இழுத்தேன். கயிற்றின் மறுமுனையில் ஒரு படகு, ஒரு வியாபாரி, ஒரு சாப்பாட்டுத் தட்டு என்று அட்டையில் வெட்டி ஒட்டினோம். "இதை யார் இழுக்கிறார்கள்?" என்று கேட்பேன். பிள்ளைகள் ரொம்ப நேரம் யோசிப்பார்கள்.

2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல்பசுப் பாதுகாப்பகமாக அரசு அறிவித்தது. அந்தச் செய்தியைப் படித்தபோதும் அவன் முகம்தான் ஞாபகம் வந்தது.

பேத்தியிடம் சொன்னேன்: "பென்குயினை எடுத்துடும்மா. முதல்ல எந்தக் கடல்னு முடிவு பண்ணு." அவள், "பெசன்ட் நகர் கடல்ல என்ன தாத்தா இருக்கும்?" என்றாள். "எனக்குத் தெரியாது. காலையில அங்க மீன் விக்கிற பாட்டிகிட்ட கேளு" என்றேன். கேட்டுவிட்டு, ஒரு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறாள்.

கடைசியாக அந்தப் பையனுக்கு. பெயர் எழுதவில்லை, உனக்குத் தெரியும். மறு திங்கட்கிழமை நீ பள்ளிக்கு வந்தாய். ஆனால் அந்த வருடம் முழுக்க வகுப்பில் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று உன்னிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை, வாத்தியார் என்ற நினைப்பு. இப்போது கேட்கிறேன், தம்பி. எனக்குக் கடலைச் சொல்லிக்கொடுத்தவன் நீதான். இதைப் பார்த்தால் ஒரு போன் போடு.

உங்கள் அறிவியல் வாத்தியார்