அந்தத் துண்டைக் கவிழ்த்து வைத்தது நான்தான்

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையின் கொள்முதல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். பணிக்காலம் முழுக்க ஃபிட்டிங் பிரிவுக்கு வைஸ் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஒருநாள்கூட ஒரு வைஸில் இரும்பைப் பிடித்து அரம் போட்டுப் பார்த்தவனில்லை. அப்படிப்பட்ட நான், என் தங்கை மகன் வீட்டில் பட்டறை போட்டபோது அவனுக்கு எந்த வைஸ் சரி என்று முடிவு சொன்னேன். அந்த வைஸ் உடைந்தது. அவன் கால்விரல்கள் முறிந்தன. உடைந்த இடத்தைப் பார்த்தவுடனே தவறு யாருடையது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் பழியை அவன்மேல் போட்டேன். இதை இனியும் உள்ளே வைத்திருக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அவன் ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவன். சோமனூர்ப் பக்கம் விசைத்தறி உதிரிபாகப் பட்டறைகளில் வேலை செய்துவிட்டு, சொந்தமாக மோட்டார், பம்ப் பழுது பார்க்கலாம் என்று வீட்டு வாசலை ஒட்டித் தகரக் கொட்டகை இறக்கினான். தங்கை வளையல்களை அடகு வைத்துப் பணம் கொடுத்தாள். முதலில் வாங்க வேண்டியது வைஸ்தான். டிரில்லிங் மெஷினோ கிரைண்டரோ பிறகு வரலாம். வேலைப் பொருளை அசையாமல் பிடித்துக்கொள்ள ஒன்று இல்லாமல் பட்டறை தொடங்காது. அவன் உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்து ஒரு வைஸைப் பார்த்து வைத்திருந்தான். ஐந்து அங்குலத் தாடை. பெயர் எழுத்தெல்லாம் தேய்ந்துபோன, பெயிண்ட் உதிர்ந்த பழைய சாமான். கைப்பேசியில் படம் காட்டினான்.

“நகரும் தாடையை முழுக்க வெளிய இழுத்து ஆட்டிப் பாத்தனுங்க மாமா. ஆட்டமே இல்லீங்க. தாடையை மூடி அந்தப்பக்கம் வெளிச்சம் வெச்சுப் பாத்தேன், மயிரிழை இடைவெளிகூடத் தெரியலீங்க. நட்டு தனியா இருக்குதுங்க, தேஞ்சாலும் மாத்திக்கலாம்.”

இன்று இந்தப் பேச்சை நினைத்தால், ஒரு வைஸைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகளில் பெரும்பாலானவற்றை அவன் அந்தச் சில வரிகளில் கேட்டு முடித்துவிட்டான் என்று தெரிகிறது. அன்று என் காதில் விழுந்தது ‘பழசு’ என்ற சொல் மட்டும்தான். “தொழில் ஆரம்பிக்கும்போது பழைய இரும்பைக் கொண்டாந்து வெப்பியா மாப்ளே? நான் வாங்கித் தரேன்” என்றேன்.

எனக்குத் தெரிந்த விற்பனையாளரிடம் கூட்டிப் போனேன். நான் பதவியில் இருந்த காலத்து மரியாதையை அவர் இன்னும் வைத்திருந்தார். நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். தங்கை மகன் முன்னால் அந்த மரியாதை எனக்கு வேண்டியிருந்தது. ஆறு அங்குல வைஸ், சுழலும் அடித்தட்டு, பளபளக்கும் நீலப் பெயிண்ட், எனக்காக விலையில் தள்ளுபடி. ஐந்து அங்குலத்தின் விலைக்கே ஆறு அங்குலம் கிடைக்கிறதே என்று கணக்குப் போட்டேன். அவன் அதைத் தடவிப் பார்த்துவிட்டு, “இது தாங்குமுங்களா மாமா?” என்று மெதுவாகக் கேட்டான். “எத்தனை வைஸ் வாங்கினவன் நான்” என்று பதில் சொன்னேன். அதற்குமேல் அவன் பேசவில்லை. பணம் கொடுப்பது அவன் அம்மா, வழிகாட்டுவது தாய்மாமன். அவன் எப்படிப் பேசுவான்?

அளவை நம்பியது முதல் தவறு. வைஸின் அளவு என்பது தாடையின் அகலம்தான். பலம் அகலத்தில் இல்லை. அந்த உடல் எந்த இரும்பில், எவ்வளவு கனத்தில், எத்தனை சுத்தமாக வார்க்கப்பட்டது என்பதில் இருக்கிறது. இது எனக்குத் தெரியாத விஷயமா? பம்ப் உறைகளை வார்ப்படச் சாலைகளில் வாங்கும்போது எஃப்.ஜி. 200 என்றால் சோதனைச் சான்றிதழ் கேட்பேன், எஸ்.ஜி. 500/7 என்றால் கூடுதல் கவனமாகக் கேட்பேன். எஃப்.ஜி. எனப்படும் சாதாரண வார்ப்பிரும்பில் கரி தகடு தகடாகப் படிந்திருக்கும். அமுக்கினால் தாங்கும், இழுத்தால் அந்தத் தகடுகளின் ஓரத்தில் விரிசல் தொடங்கி, வளையாமல் முன்னறிவிப்பில்லாமல் உடையும். எஸ்.ஜி. இரும்பில் மெக்னீசியம் சேர்ப்பதால் அதே கரி உருண்டைகளாகத் திரள்கிறது. அமெரிக்காவில் 1943-ல் கீத் மில்லிஸ் கண்டறிந்த வழி அது. 500/7 என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 500 நியூட்டன் இழுவை தாங்கும், உடைவதற்குமுன் குறைந்தது 7 சதவீதம் நீளும். எஃப்.ஜி. 200-க்கு அந்த இழுவை 200 நியூட்டன்தான். நீட்சி ஒரு சதவீதத்தைத் தொடுவதில்லை.

வாடிக்கையாளருக்குப் போகும் பம்புக்கு இவ்வளவு பார்த்தவன், எங்கள் ஆட்கள் நாள் முழுக்க நின்று வேலை செய்த வைஸுக்கு ஒருமுறைகூடச் சான்றிதழ் கேட்டதில்லை. மூன்று கொட்டேஷன் வரும். எதில் விலை குறைவோ அதற்கு ஆர்டர் போகும். “தாடை ஆடுதுங்க சார்”, “ஜா பிளேட் வழுக்குதுங்க சார்” என்று ஃபிட்டர்கள் ஸ்டோர்ஸில் வந்து சொன்னபோதெல்லாம் கோப்பில் ‘கையாளும் முறை சரியில்லை’ என்று எழுதினேன். அப்படி எழுதிப் பழகிய கை இது.

சாதாரண வார்ப்பிரும்பையே குற்றம் சொல்ல மாட்டேன். அதில் நன்றாக வார்த்த வைஸ்கள் ஒரு தலைமுறை உழைத்திருக்கின்றன. மோசமான வார்ப்புதான் ஆபத்து. உருக்கிய இரும்பு அச்சில் இறங்கும்போது காற்று சிக்கிக்கொண்டால் உள்ளே குமிழி நிற்கும். ப்ளோ ஹோல் என்பார்கள். அது மேற்பரப்புக்கு வந்துவிட்டால் பட்டி வைத்து அடைத்து, தேய்த்து, பெயிண்ட் அடித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாது. வைஸில் அது எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து உயிரே போகலாம். கைப்பிடியில் ஒருவர் இருபது கிலோ அளவுக்கு அழுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைப்பிடி கால் மீட்டர், திருகுத் தண்டு ஒரு சுற்றுக்கு 5 மில்லிமீட்டர் நகர்கிறது என்றால், முக்கால் பங்கை உராய்வு தின்றது போகவும் தாடைகளுக்கு நடுவே ஒன்றரை டன் நெருக்கம் வந்துவிடும். அந்த நெருக்கம் இரண்டு தாடைகளையும் வெளிப்பக்கமாக விரிக்கப் பார்க்கிறது. தாடை உடலோடு சேரும் கழுத்தின் உள்பக்கம் இழுபடுகிறது. வார்ப்பிரும்பு எதைத் தாங்காதோ அது நடப்பது சரியாக அந்த இடத்தில்.

ஆடிப்பட்டத்துக்குக் கிணற்று மோட்டார்கள் பழுதுக்கு வந்துகொண்டிருந்த நேரம். ஒரு மோனோபிளாக் பம்பின் ரோட்டரை வைஸில் பிடித்து, துருவேறி இறுகிப்போன இம்பெல்லர் நட்டைக் கழற்றிக்கொண்டிருந்திருக்கிறான். நகரும் தாடை கழுத்தோடு பெயர்ந்து விழுந்தது. ரோட்டர் அவன் இடது காலில் விழுந்தது.

ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அவனை வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு நான் போனேன். அவன் கட்டிலில் படுத்திருந்தான். நான் கொட்டகைக்குள் போய் உடைந்த தாடையைக் கையில் எடுத்தேன். உடைந்த முகம் சாம்பல் நிறத்தில் சொரசொரவென்று இருந்தது. கழுத்தின் உள்பக்கம், நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு ஒரு குழி. குழிக்குள் உலர்ந்த பட்டி. அதன்மேல் நீலப் பெயிண்ட்.

நான் அந்தத் துண்டை, உடைந்த முகம் மேசையைப் பார்க்கும்படி கவிழ்த்து வைத்தேன். யாரும் சொல்லி நான் அதைச் செய்யவில்லை. யோசித்துச் செய்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. கை தானாகச் செய்தது. அதன்பிறகு உள்ளே போய்ப் பேசியது யோசித்துப் பேசியதுதான்.

“கைப்பிடியில பைப்பு போட்டுத் திருகினியா?”

“இல்லீங்க மாமா.”

“சுத்தியல்ல அடிச்சிருப்பே. இல்லாட்டி இப்படி ஒடையாது.”

அவன் என்னைப் பார்த்தான். “அடிக்கலீங்க” என்றான். பக்கத்தில் நின்ற என் தங்கை, “மாமா அத்தன தூரம் அலஞ்சு வாங்கிக் குடுத்தாரு, பதனமா வெச்சு வேல செய்யறதுக்கென்ன” என்று அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். நான் குறுக்கே பேசவில்லை. அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

பைப் போட்டுத் திருகுவது தவறுதான், அதில் சந்தேகமில்லை. கைப்பிடியை அந்த நீளத்தில் கொடுத்திருப்பதே மனிதக் கை தரும் பலத்துக்கு மேல் தாடைக்குப் போகக் கூடாது என்பதற்காக. மீறினால் முதலில் கைப்பிடி வளைய வேண்டும். ஓங்கி அடிக்க வேண்டிய வேலையென்றால் அடியை நிலைத்த தாடையின் பக்கமாக வாங்க வேண்டும். கொல்லுப்பட்டறையில் கால் வைத்த வைஸ் இருப்பதே இதற்குத்தான், அடியெல்லாம் கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இந்த உண்மைகளையெல்லாம் திரட்டி, செய்யாத தவறை அவன்மேல் கட்டினேன். உண்மையை வைத்துப் பொய் சொன்னேன் என்பதுதான் என்னை அதிகம் உறுத்துவது.

கட்டு பிரித்த பிறகு அவன் உக்கடம் போய் அந்தப் பழைய வைஸையே வாங்கி வந்துவிட்டான். என்னிடம் சொல்லவில்லை. தங்கை சொல்லித் தெரிந்து போய்ப் பார்த்தேன். மேசைக் கால் தரையில் ஊன்றும் இடத்துக்கு நேர் மேலே வைத்து, பலகையைத் துளைத்து அடியில் வாஷர் கொடுத்துப் போல்ட்டால் முடுக்கியிருந்தான். நிலைத்த தாடை மேசை விளிம்பைத் தாண்டி ஒரு நூல் வெளியே நின்றது, நீளமான பைப்பைச் செங்குத்தாகப் பிடித்தால் மேசையில் இடிக்காமல் இருக்க. தாடையின் மேல்மட்டம் அவன் முழங்கை உயரத்துக்கு இருந்தது. சுழலும் அடித்தட்டு இல்லை. “அது சுத்தறதுக்கு வசதிங்க மாமா, அரம் போடறப்ப கொஞ்சம் நெளியும். எனக்குச் சுத்தத் தேவையில்லீங்க” என்றான். பளபளப்பாக முடித்த தண்டுகளைப் பிடிக்கும்போது பல் பதியாமலிருக்க அலுமினியத் தகட்டை மடித்து உறை செய்து வைத்திருந்தான்.

அன்றுதான் அவனிடம் சொன்னேன். குழியைப் பார்த்தேன், பட்டியைப் பார்த்தேன், துண்டைக் கவிழ்த்து வைத்தேன், உன்மேல் பழி போட்டேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவன் அரத்தைக் கீழே வைத்தான். “நானும் பாத்தனுங்க மாமா. நீங்க வாரதுக்கு முன்னாடியே பாத்தேன். நீங்களே சொல்லுவீங்கன்னு இருந்தேன்” என்றான். கோபமாகச் சொல்லவில்லை. ஆறுதலாகவும் சொல்லவில்லை. வலியோடு கிடந்தவன், நான் உண்மையைச் சொல்வதற்காகக் காத்துக்கொண்டிருந்திருக்கிறான். நான் அவன் முகத்துக்கு நேரே பொய் சொல்லியிருக்கிறேன்.

அவன் இழந்த பருவத்து வருமானத்துக்காகப் பணம் கொடுத்தேன். வாங்க மறுத்தான். தங்கையிடமும் போய்ச் சொன்னேன். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “அவனத் திட்டிப்போட்டனேண்ணா” என்றாள். அவளை அப்படித் திட்ட வைத்ததும் நான்தான்.

தொழிற்சாலையின் பழைய ஃபிட்டர்களில் பலர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று தெரியவில்லை. கோப்பில் நான் எழுதிய வரிகளால் யாருக்காவது சம்பளத்தில் பிடித்தம் ஆனதா, மெமோ போனதா என்று அன்று நான் விசாரிக்கவே இல்லை. இன்று விசாரிக்க அந்தக் கோப்பு என் கையில் இல்லை.

அதே நீல வைஸை என் பேச்சைக் கேட்டு வாங்கியவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஒவ்வொருவர் வீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கிறேன். தாடையின் கழுத்தில் கத்தி முனையால் பெயிண்டைச் சுரண்டச் சொல்கிறேன். இரும்பு மினுங்காமல் வெள்ளையாகவோ பழுப்பாகவோ தூள் உதிர்ந்தால் அது பட்டி. அந்த வைஸை அன்றைக்கே கழற்றச் சொல்லி, மாற்று வைஸுக்கான பணத்தைக் கொடுத்துவிட்டு வருகிறேன். எதை வாங்குவது என்று கேட்டால், என் தங்கை மகனின் கைப்பேசி எண்ணைக் கொடுக்கிறேன்.