ஆர்வலர் ஏடும் முதலீட்டாளர் பணமும்

பழைய கைக்கடிகாரங்களைத் தேடிச் சேகரிப்பது ஒரு பொழுதுபோக்கு என்று எங்கள் வட்டவளைப் பக்கத்தில் எவரேனும் கூறின், கேட்போர் நகைப்பர். நவலப்பிட்டிக்கும் அற்றனுக்கும் இடையில், ஆண்டொன்றுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் அம்மலைச் சரிவில் எம் முன்னோர் நேரத்தைக் காதாற் கேட்டே வாழ்ந்தனர். விடியலைத் தப்பொலி அறிவித்தது. பிரட்டுக்களத்திற்கு எப்போது வரவேண்டும் என்பதைக் கங்காணியின் குரல் அறிவித்தது. நேரம் துரைக்குரியதாகவும் களைப்பு தமக்குரியதாகவும் இருந்த ஒரு சமூகத்தில் கடிகாரத்தின் உட்சக்கரங்களை வியந்து பேசுவோர் தோன்ற வாய்ப்பில்லை. ஆயினும் அத்தகையோர் உலகில் உளர். அவர்களுக்கென ஏடுகளும் உள. அவ்வேடுகளுள் ஒன்றின் வரலாற்றை அண்மையில் வாசிக்க நேர்ந்தபோது, அது கடிகாரத்தை மட்டும் பற்றிய கதையாக எனக்குத் தோன்றவில்லை.

ஆர்வலர் ஏடு என்று நான் குறிப்பது யாதெனின், ஒரு பொருளின்பாற் கொண்ட பற்றினால் ஒருவர் எழுத, அதே பற்றுடைய பிறர் வாசிக்கும் ஏடாகும். முத்திரை சேகரிப்போர், பழைய இசைத்தட்டுகளைப் பேணுவோர், புகைவண்டி எஞ்சின்களின் இலக்கங்களைக் குறித்து வைப்போர் ஆகிய எல்லோரிடமும் இத்தகைய ஏடுகள் இருந்துள்ளன. இங்கே எழுதுவோனுக்கும் வாசிப்போனுக்கும் இடையே பெரிய வேற்றுமை இல்லை. இன்று வாசித்தவன் நாளை ஒரு பிழையைத் திருத்திக் கடிதம் எழுதுவான். மறுநாள் அவனே கட்டுரையாளன் ஆவான்.

நான் வாசித்த கதை ஹோடிங்கி என்னும் நியூயோர்க் ஏட்டினுடையது. கைக்கடிகாரத்தைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது அப்பெயர். பாட்டனார் அளித்த ஒமேகா கடிகாரமொன்றின் மேற்கொண்ட ஈடுபாட்டினால் பெஞ்சமின் கிளைமர் என்பவர் அதனை 2008இல் தனியொருவராகத் தொடங்கினார். பழைய கடிகாரமொன்றின் முகப்பு மூலமுகப்புத்தானா, பிற்காலத்தில் மாற்றப்பட்டதா என்பது போன்ற நுணுக்கங்களை அவர் எழுதினார். அத்தகைய எழுத்துக்கு உலகில் இத்தனை வாசகர் இருப்பர் என்று முன்னர் எவரும் எண்ணியிருக்கவில்லை. வாசகர் பெருகினர், முதலீட்டாளரும் வந்தனர். கடிகாரப் பட்டிகளை விற்கத் தொடங்கியிருந்த ஏடு 2017இல் புதிய கடிகாரங்களை விற்கும் உரிமம் பெற்ற கடையும் ஆயிற்று. 2020இன் இறுதியில் 40 மில்லியன் டொலர் முதலீடு அதனுட் புகுந்தது. அம்முதலீட்டில் பங்குகொண்டோருள் டாக் ஹோயர், சீனித், ஹப்லோ ஆகிய கடிகார நிறுவனங்களைத் தன்னகத்தே கொண்ட எல்விஎம்எச் குழுமத்தின் முதலீட்டுப் பிரிவும் ஒன்று. பொருளை ஆராய்ந்து தீர்ப்புக் கூறும் ஏட்டில், அப்பொருளைச் செய்வோரின் பணம்! 2021இல் அவ்வேடு பழைய கடிகாரங்களை வாங்கி விற்கும் கம்பனியொன்றையும் விலைக்கு வாங்கியது. பழைய கடிகாரங்களின் சந்தை விலை 2022இன் முற்பகுதியில் உச்சத்தைத் தொட்டுப் பின்னர் சரிந்தது. 2024 ஒக்டோபரில், வாட்சஸ் ஒஃப் சுவிட்சர்லாந்து என்னும் பிரித்தானியச் சொகுசுக் கடிகார விற்பனைக் குழுமம் அவ்வேட்டையே வாங்கிவிட்டது.

இதிற் சூழ்ச்சியாளர் எவரையும் தேடவேண்டியதில்லை. முதலீட்டாளன் கொடையாளன் அல்லன். இட்ட பணம் சில ஆண்டுகளிற் பன்மடங்காகும் என்ற எதிர்பார்ப்புடனேயே அவன் வருகிறான். ஆர்வலர் வட்டமோ இயல்பாகவே எல்லையுடையது. கடிகார முட்களின் வடிவத்தைப் பற்றி ஆயிரம் சொல் வாசிக்கக் கூடியோர் உலகில் ஓரளவினரே. அவ்வெல்லையை ஏடு தொட்டபின் பணம் பெருக வழி யாது? வாசகர் தொகை கூடாதெனின், ஒவ்வொரு வாசகனிடமிருந்தும் பெறும் தொகை கூடவேண்டும். அதற்குச் சந்தாவும் விளம்பரமும் போதா. ஆகவே ஏடு கடையாகிறது. வணிக நோக்கில் இது முற்றிலும் நியாயமான முடிவே. ஆனால், இக்கடிகாரம் விலைக்குத் தகுதியற்றது என்ற வாக்கியத்தை எழுத வேண்டிய பேனா, அக்கடிகாரம் விற்காவிடில் எவருடைய சம்பளம் குறையும் என்பதை அறிந்த பேனாவாகிவிடுகிறது. பொய் எழுதுமாறு எவரும் கட்டளையிட வேண்டியதில்லை. எழுதப்படாமலே போகும் கட்டுரைகளில்தான் மாற்றம் முதலிற் புலனாகும். அவற்றை வாசகன் காண்பதேயில்லை.

சுவிற்சர்லாந்துக் கடிகாரம் நம்மவருக்குத் தொலைவான பொருள் எனலாம். ஆனால் இதே நாடகம், இதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, நம்மவர் நெருங்கியறிந்த கிரிக்கெட்டில் நடந்து முடிந்திருக்கிறது. அதில் ஒரு தமிழருக்கும் முதன்மையான பங்கு உண்டு.

கிரிக்இன்ஃபோ 1993இல் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்த சைமன் கிங் என்ற ஆங்கிலேயரால் தொடங்கப்பட்டது. அக்காலத்தில் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் பயின்ற இந்திய, பாகிஸ்தானிய, இலங்கை மாணவருக்கு ஊரில் நடக்கும் ஆட்டத்தின் ஓட்ட விபரம் கிட்டுவது அரிது. அந்தப் பசியே மூலதனம். வானொலியைக் கேட்டவாறோ தொலைக்காட்சியைப் பார்த்தவாறோ ஒருவர் ஒவ்வொரு பந்தையும் தட்டச்சிட, உலகின் மறுகோடியில் இருப்போர் கணினித் திரையில் அதனை வாசித்தனர். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் பொறியியல் ஆய்வுமாணவராக இருந்த, நாகப்பட்டினத்தைச் சேர்ந்த பத்ரி சேஷாத்ரி இம்முயற்சியை உருவாக்கியவருள் ஒருவர். ஊதியமின்றி உழைத்த தொண்டர் பலர், 1877இல் நடந்த முதல் டெஸ்ட் தொடங்கிப் பழைய ஆட்டங்களின் ஓட்ட அட்டைகளையெல்லாம் புத்தகங்களிலிருந்து பெயர்த்துத் தட்டச்சிட்டனர். இரவு கண்விழித்து இதனைச் செய்தவருக்குக் கிட்டிய கூலி, பிழை கண்டவர் எழுதிய திருத்தம் மட்டுமே. அதுவே போதுமென்று அவர்கள் எண்ணியதுதான் வியப்பு.

பின்னர் கம்பனி வந்தது. 2000இல், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தையிலும் இடம்பெற்றிருந்த சத்யம் இன்ஃபோவே, கிரிக்இன்ஃபோவின் நான்கிலொரு பங்கினை 37.5 மில்லியன் டொலருக்குப் பெற்றது. அக்கணக்கின்படி முழு நிறுவனத்தின் மதிப்பு 150 மில்லியன் டொலர்! அவ்வாண்டு நியூசிலாந்தில் நடைபெற்ற மகளிர் உலகக்கிண்ணம் கிரிக்இன்ஃபோவின் பெயரைச் சூடியது. 2001இல் இங்கிலாந்தின் நெடுங்காலப் பெருமை வாய்ந்த கவுண்டிச் சுற்றுப்போட்டியே அப்பெயரைத் தாங்கியது. தொண்டர்களின் தட்டச்சுப் பலகையிற் பிறந்த ஒரு முயற்சி, ஆங்கிலேயரின் ஆட்டத்துக்குப் பணம் கொடுத்துப் பெயர் சூட்டுமளவுக்கு உயர்ந்துவிட்டதை எண்ணுகையில் எனக்கும் ஒரு பெருமிதம் தோன்றவே செய்கிறது. ஆனால் அடுத்த ஆண்டில் அப்போட்டி வேறொரு கம்பனியின் பெயருக்கு மாறியது. இணைய நிறுவனங்களின் பங்குகள் 2000 மார்ச்சிலிருந்தே வீழ்ந்துகொண்டிருந்தன. விளம்பர வருவாய் எதிர்பார்த்தவாறு வரவில்லை. 2003இல், 1864 முதல் கிரிக்கெட் ஆண்டுமலரை வெளியிட்டுவரும் விஸ்டனின் குழுமத்திடம் கிரிக்இன்ஃபோ சென்றது. 2007இல் அமெரிக்காவின் ஈஎஸ்பிஎன் அதனை வாங்கியது. பத்ரி சேஷாத்ரியோ 2004இல் சென்னையிற் கிழக்குப் பதிப்பகத்தைத் தொடங்கித் தமிழ்நூல் வெளியீட்டுக்குத் திரும்பிவிட்டார்.

இவ்விரு கதைகளுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கிரிக்இன்ஃபோவிடம் விற்பதற்குப் பொருள் இல்லை. ஓட்ட விபரத்தை எந்தக் கடையின் கண்ணாடிப் பேழையிலும் வைக்கவியலாது. ஆகவே பணம் அதனைக் கடையாக்கவில்லை. பெரியதொரு தொலைக்காட்சி நிறுவனத்தின் உறுப்பாக்கியது. தொண்டர்கள் இட்ட அடித்தளத்தின்மீது எழுந்த களஞ்சியம் அழியவுமில்லை. கண்டியிற் பிறந்தவரும், பாட்டனார் காலத்தில் தேயிலைத் தோட்டத்திற்கு வந்த குடும்பத்தவருமான முத்தையா முரளிதரன் 2010 ஜூலையில் காலியில் நிறைவு செய்த 800 விக்கெட்டுகளுள் எது, எந்த ஆண்டில், எந்த மைதானத்தில் வீழ்ந்தது என்பதை இன்றும் எவரும் கட்டணமின்றித் தேடியறியலாம். முதலீடு வராதிருந்தால் இவையெல்லாம் ஏதோவொரு பல்கலைக்கழகக் கணினியுடன் மறைந்திருக்கவும் கூடும். இதனை மறுப்பது நேர்மையாகாது.

எனினும் அக்களஞ்சியம் எவருடையது? தோட்டத்திற் பிறந்தவருக்கு இக்கேள்வி புதிதன்று. எங்கள் மலைகள் பிரித்தானியக் கம்பனிகளிடமிருந்து 1975இல் அரசுக்கும், 1992இல் அரசிடமிருந்து பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் நிர்வாகத்துக்கும் கைமாறின. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏட்டிற் பதிவானவை காணியும், செடியும், தொழிற்சாலையுமே. செடியை நட்ட கைகளுக்கு அவ்வேட்டிற் பத்தியில்லை. இவ்வொப்புமையை மிகைப்படுத்துவது தகாது. ஓட்ட அட்டையைத் தட்டச்சிட்டவர் விரும்பிச் செய்தார். கொழுந்து பறித்தவருக்கு வேறு வழி இருக்கவில்லை. ஆயினும் விருப்பத்தால் ஈந்த உழைப்பும், கட்டாயத்தால் ஈந்த உழைப்பும், விற்பனைப் பத்திரத்தில் ஒரே வகையாக மறைந்துவிடுவதைக் கண்டபின் அதனைச் சொல்லாமலிருக்க இயலவில்லை.

தமிழிலக்கிய மாணவர் இதற்கு இன்னும் பழைய சான்றொன்றினை அறிவர். 1933இல் தோன்றிய மணிக்கொடி, 1935 முதல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பிற் சிறுகதைக்கென்றே நின்றது. புதுமைப்பித்தன், கு. ப. ராஜகோபாலன், மௌனி முதலியோர் அதன் வழியே வளர்ந்தனர். பணமுடை தீருமென்று அது நவயுகப் பிரசுராலயம் என்னும் கம்பனியுடன் இணைந்தது. விரைவில் ராமையா விலக நேர்ந்தது. அதன்பின் ஏடும் நீடிக்கவில்லை. இங்கும் கம்பனியினரைக் கொடியோர் என்பதற்கில்லை. இழப்பைத் தாங்கும் எல்லை அவர்களுக்கு ஒன்று. கதை எழுதுவோருக்கு வேறொன்று.

மாறாக, டொமினிக் ஜீவா 1966இல் யாழ்ப்பாணத்தில் தொடங்கிய மல்லிகை எந்த முதலீட்டாளரின் கணக்கிற்கும் உட்படாமல் 2012வரை வெளிவந்தது. தாமே இதழ்களைச் சுமந்து சென்று விற்ற ஓர் ஆசிரியரின் கால்வலுவே அதன் மூலதனம். சுதந்திரத்துக்கு இதனினும் தெளிந்த சான்று காட்ட முடியாது. ஆனால் அவர் உடல் தளர்ந்ததும் இதழும் நின்றது. பணத்தை ஏற்ற ஏடு பிறர் கைக்குப் போகிறது. ஏற்காத ஏடு ஒருவரின் ஆயுளோடு கட்டப்படுகிறது. வாசகர் தாமே சிறு சிறு பங்குகளாக ஓர் ஏட்டினை உடைமையாக்கிக் கொள்வது மூன்றாவது வழி. நம் சூழலில் அது போதிய அளவு முயன்று பார்க்கப்படவில்லை என்பதே என் கருத்து. ஆண்டுதோறும் விளம்பரத்துக்காகக் கடைகடையாய் ஏறியிறங்கும் நம்போன்ற சங்கத்தினர், அவ்வழியைப் பற்றி ஒருமுறையேனும் கூடிப் பேசலாம்.

ஹோடிங்கியை வாங்கிய விற்பனைக் குழுமம், ஆசிரியர் குழுவின் சுதந்திரம் பேணப்படும் என்று அறிவித்ததுடன், அதனைத் தொடங்கிய கிளைமரையே மீண்டும் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது. அவர் இன்னும் கடிகாரத்தை நேசிப்பவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் ஒரு கடிகாரத்தைப் புகழும் கட்டுரையை வாசித்து முடித்ததும், அதே கடிகாரத்தை அக்குழுமத்தின் எந்தக் கடையில் என்ன விலைக்குத் தருகிறார்கள் என்று தேடுகிறேன். 1990களில் யாரோ ஒரு மாணவர் தட்டச்சிட்ட ஓட்ட அட்டையை வாசிக்கும்போது அவ்வாறு தேடத் தோன்றுவதில்லை.