உங்கள் கார் இரவில் எங்கே தூங்குகிறது?

வானொலியில் வேலை செய்பவரைப் பார்த்தால் உறவினர்கள் கேட்பது வழக்கமாக ஒரே கேள்விதான். "எப்பம்மா எனக்கு ஒரு பாட்டுப் போடுவே?" கடந்த ஒரு வருடமாக என்னிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா என்று எங்கே போனாலும் யாராவது ஒருவர் ஓரமாக அழைத்து, "மின்சாரக் காடி எப்படிம்மா ஓடுது? வாங்கலாமா?" என்கிறார். அடுத்த கேள்வி, "ஒரு தடவை சார்ஜ் போட்டா எவ்வளவு தூரம் போகும்?"

நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன். "உங்க காடி ராத்திரியிலே எங்கே நிற்கும்?"

எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் மின்சாரக் கார் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது காரின் விலையோ அது ஓடும் தூரமோ மட்டுமல்ல. அது இரவில் நிற்கும் இடம்தான். இதை நான் என் வீட்டையும் என் தம்பியின் வீட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் என் கதை. நாங்கள் காஜாங்கில் ஒரு தரைவீட்டில் இருக்கிறோம். 2025 தொடக்கத்தில் புரோட்டோன் இ.மாஸ் 7 வாங்கினோம். என் கணவர் ஓட்டுவது பெட்ரோல் மைவி. ஆக, ஒரே வாசலில் இரண்டு கார்களும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. ஒப்பிட்டுப் பார்க்க இதைவிட நல்ல வசதி கிடைக்காது.

என் நிகழ்ச்சி காலை ஆறு மணிக்குத் தொடங்கும். வீட்டை விட்டு நாலரைக்கே கிளம்பிவிடுவேன். பெட்ரோல் கார் ஓட்டிய காலத்தில், எண்ணெய் குறைந்துவிட்டால் அந்த இருட்டில் ஆளில்லாத எண்ணெய் நிலையத்தில் தனியாக இறங்கி நிற்க வேண்டும். பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றாலே மனம் படபடக்கும். இப்போது இரவு பத்து மணிக்குமேல் வாசலில் கேபிளைச் சொருகிவிட்டுத் தூங்கப் போகிறேன். காலையில் கார் தயாராக இருக்கிறது. இந்த நிம்மதிக்கு எந்த விளம்பரத்திலும் விலை போட்டு நான் பார்த்ததில்லை.

இனி, பணக் கணக்கு. நான் மாதம் ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். என் கார் 100 கிலோமீட்டருக்கு, சுவரிலிருந்து எடுக்கும்போது வீணாவதையும் சேர்த்து, 17 யூனிட் மின்சாரம் குடிக்கிறது. வீட்டு மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 45 காசு. ஆக மாதச் செலவு ஏறக்குறைய 115 வெள்ளி. அதே தூரத்தை மைவி ஓடினால் 100 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக எண்ணெய் வேண்டும். பூடி 95 திட்டத்தில் மைகாட்டைக் காட்டி லிட்டர் 1.99 வெள்ளிக்குப் போட்டால் 195 வெள்ளி ஆகும்.

மூன்றாவதாக ஒரு கணக்கும் உண்டு. அதே 1,500 கிலோமீட்டருக்கு வீட்டில் சார்ஜ் போடாமல், பேரங்காடியிலோ நெடுஞ்சாலையிலோ உள்ள அதிவேக சார்ஜரை மட்டுமே நம்பினால் என்ன ஆகும்? நான் பயன்படுத்தும் இடங்களில் யூனிட் 1.20 வெள்ளியிலிருந்து 1.60 வரை வாங்குகிறார்கள். நடுவில் 1.40 என்று வைத்துக்கொண்டால் 330 வெள்ளி வரும்.

வீட்டில் 115. பெட்ரோலுக்கு 195. வெளியே சார்ஜ் போட்டால் 330. ஒரே காரை ஒருவர் பெட்ரோலைவிட மலிவாக ஓட்டுகிறார். இன்னொருவர் பெட்ரோலைவிட அதிகம் கொடுத்து ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் வாசலில் இருக்கும் ஒரு பிளக் மட்டுமே.

அந்த 115 வெள்ளியிலும் கொஞ்சம் நுணுக்கம் உண்டு. 2025 ஜூலையில் புதிய மின்கட்டண முறை வந்தது. குறைவாகப் பயன்படுத்தும் வீட்டுக்கு அதில் ஊக்கக் கழிவு இருக்கிறது. மாதம் 600 யூனிட்டைத் தாண்டினால் சேவை வரியும் சேர்கிறது. இரண்டு குளிர்சாதனம் ஓடும் வீட்டில் காரும் சேர்ந்தால் அந்தக் கோட்டைத் தாண்டுவது சுலபம். பொதுவிடுமுறை தவிர்த்த வார நாட்களில் மதியம் இரண்டு முதல் இரவு பத்து வரை உச்ச நேரம். நேரத்துக்கேற்ற கட்டணத் திட்டத்தில் சேர்ந்துகொண்டால் மற்ற நேரத்தில் சற்று மலிவு. நான் இரவு பத்துக்குப் பிறகு கேபிளைச் சொருகுவது அதனால்தான்.

வேறு நன்மைகளும் உண்டு. இயந்திர எண்ணெய் மாற்ற வேண்டாம், ஸ்பார்க் பிளக் கிடையாது. காலை அழுத்தத்திலிருந்து எடுத்தாலே கார் தானாக வேகம் குறைந்து, அந்த ஆற்றலில் ஒரு பகுதியைப் பேட்டரிக்குத் திருப்பித் தருவதால் பிரேக் கட்டையும் நீண்ட நாள் உழைக்கும். காலை நெரிசலில் ஊர்ந்து போகும்போது சத்தமும் அதிர்வும் இல்லாமல் இருப்பது, நான்கு மணி நேரம் ஒலிவாங்கி முன்னால் பேசிவிட்டு வருபவளுக்குப் பெரிய ஓய்வு.

ஆனால் என் காரின் குறைகளையும் சொல்லியாக வேண்டும். மைவியின் விலையைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கொடுத்து வாங்கிவிட்டு, மாதம் 80 வெள்ளி எண்ணெய்க் காசு மிச்சம் என்று பெருமைப்படுவதில் அர்த்தமில்லை. ஒன்பது வருடக் கடன் காலம் முழுக்கச் சேர்த்தாலும் அது 8,640 வெள்ளிதான். விலை வித்தியாசத்தில் கால்வாசியைக்கூட அது ஈடுகட்டாது. ஒரே அளவுள்ள பெட்ரோல் எஸ்.யூ.வியோடு ஒப்பிட்டால்தான் கணக்கு நியாயமாகும். காரின் விலைக்கேற்பக் காப்புறுதியும் ஏறுகிறது. சாலை வரி விலக்கு 2025 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. அதற்குப் பதிலாக வந்த வரி பெரிய சுமை இல்லை. 100 கிலோவாட் வரையுள்ள கார்களுக்கு ஆண்டுக்கு 70 வெள்ளிக்குமேல் போகாது. என்றாலும் இலவசம் என்ற சொல் போய்விட்டது. பழைய காராக விற்கும்போது என்ன விலை கிடைக்கும் என்பதும் ஒரு கவலை. ஒவ்வொரு ஆண்டும் இதைவிட மலிவாக, இதைவிட நல்லதாக ஒன்று வந்துகொண்டே இருக்கிறது.

சுற்றுச்சூழலைப் பற்றியும் கேட்பார்கள். புகைக்குழாய் இல்லை என்பது உண்மை. ஆனால் தீபகற்பத்தில் மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலும் எரிவாயுவிலும்தான் உற்பத்தியாகிறது. நம் தெருவில் புகை வராததால் எங்குமே வரவில்லை என்று சொல்ல முடியாது. பெட்ரோலைவிட மொத்தத்தில் குறைவு என்று சொல்லலாம். சுத்தம் என்று சொல்ல முடியாது.

பிறகு, ஊருக்குப் போகும் பயணம். அப்பா அம்மா சுங்கை சிப்புட்டில் இருக்கிறார்கள். காஜாங்கிலிருந்து ஏறக்குறைய 250 கிலோமீட்டர். காகிதத்தில் என் கார் 410 கிலோமீட்டர் ஓடும். நெடுஞ்சாலையில் குளிர்சாதனத்தைப் போட்டு நூற்றுப் பத்தில் போனால் 320 கிடைக்கும். சாதாரண நாளில் நிற்காமலே போய்விடலாம். தீபாவளிக்கு முந்தைய நாள் சாதாரண நாள் இல்லை. மூன்று மணி நேர நெரிசலுக்குப் பிறகு ஓர் ஓய்வு நிறுத்தத்தில் நுழைந்தோம். இரண்டு சார்ஜரில் ஒன்று வேலை செய்யவில்லை. எங்களுக்கு முன்னால் நான்கு கார்கள். பிள்ளைகள் பின்னால் அழ, எழுபது நிமிடம் காத்திருந்தோம். மைவியில் போயிருந்தால் ஐந்து நிமிட வேலை.

ஊரில் அப்பாவின் வீட்டில் சாதாரண மூன்று முனை பிளக்தான். பத்து மணி நேரம் விட்டால் ஏறக்குறைய 20 யூனிட் ஏறும். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டருக்குப் போதும். அப்பா பாதி இரவில் எழுந்துவந்து பிளக்கைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "சூடா இருக்கும்மா, கழட்டிடு" என்றார். அவர் சொன்னது சரி. பழைய வயரிங் உள்ள வீட்டில் இரவு முழுக்க அப்படி இழுக்கக்கூடாது. அடுத்த நாளே ஓர் எலக்ட்ரீஷியனை அழைத்து அந்த ஒரு பிளக்குக்கு மட்டும் தனி வயர் போட்டுவிட்டோம்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடிய குறைகள். சமாளிக்க முடியாத குறையைத் தம்பி கேட்டபோதுதான் பார்த்தேன்.

அவன் செலாயாங் பக்கம் ஓர் அடுக்குமாடியில் ஏழாவது மாடியில் இருக்கிறான். ஷா ஆலாமில் தொழிற்சாலை வேலை. மாதம் 1,600 கிலோமீட்டர் ஓட்டுகிறான். அவனுடைய பழைய சாகாவின் கியர்பாக்ஸ் போய்விட்டது. சரிசெய்ய 3,500 வெள்ளி கேட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் இ.மாஸ் 5 வெளிவந்தது. ஆரம்ப விலை 60,000 வெள்ளிக்கும் கீழே. தம்பி மனைவி நான்கு மாதக் கர்ப்பம். பிள்ளை பிறப்பதற்குள் நல்ல கார் வேண்டும் என்பது அவன் ஆசை. "அக்கா, நீ ஓட்டுறே, நீ சொல்லு. வாங்கவா?" என்றான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சாகாவுக்கு மாதம் எண்ணெய் 225 வெள்ளி. புதுக் காரை அதிவேக சார்ஜரில் மட்டும் போட்டு ஓட்டினால் மின்சாரத்துக்கே 280. அவனிடம் வாசல் இருந்திருந்தால் 110-க்குள் முடிந்திருக்கும். இதற்குமேல் ஒன்பது வருடத்துக்கு மாதம் 600 வெள்ளிக்கு மேல் தவணை. ஆரம்ப விலைக் காரின் பேட்டரி சிறியது என்பதால் வாரம் இரண்டு மூன்று தடவை ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பேரங்காடிக்குப் போய், வரிசை இருந்தால் நின்று, பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கைக்குழந்தை உள்ள வீட்டில், வேலை முடிந்து வரும் தகப்பனுக்கு அந்த நேரம் எங்கிருந்து வரும்?

"இப்போதைக்குச் சாகாவைச் சரிசெய்துக்கோடா" என்றேன்.

அவன் முகம் வாடிவிட்டது. "உனக்கு மட்டும் எப்படி அக்கா கட்டுப்படியாகுது?"

"எனக்கு வாசல் இருக்கு. உனக்கு இல்லை. வேற ஒண்ணுமே இல்லைடா."

சொல்லிவிட்டேனே தவிர, அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதிகம் சம்பாதிக்கும் அக்காவுக்குச் செலவு குறைகிறது. குறைவாகச் சம்பாதிக்கும் தம்பி அதே மின்சாரத்துக்கு யூனிட்டுக்கு மூன்று மடங்கு கொடுக்க வேண்டும். இது காரின் குற்றமில்லை. நம் நகரங்களில் லட்சக்கணக்கானோர் மாடிவீட்டில் வாழ்கிறார்கள், சார்ஜர் மட்டும் வாசல் உள்ள வீட்டை நினைத்தே வருகிறது.

கார் விலை இறங்கிக்கொண்டிருப்பது நல்லது. பெரோடுவா 2025 டிசம்பரில் அறிமுகப்படுத்திய க்யூ.வி.-இ காரில் பேட்டரியை வாங்கவே வேண்டாம். மாத வாடகை கட்டினால் போதும். ஆனால் விலை எவ்வளவு இறங்கினாலும் பிளக் மாடி ஏறி வராது. 2025 முடிவதற்குள் நாடு முழுவதும் 10,000 பொதுச் சார்ஜர்கள் வேண்டும் என்று வைத்த இலக்கும் எட்டப்படவில்லை. இன்னொன்றையும் மறக்கக்கூடாது. தம்பியின் கணக்கைத் தாங்கி நிற்பது எண்ணெய் மானியம். பூடி 95 தொடங்கியபோது மானியமில்லாத விலை லிட்டர் 2.60 வெள்ளி. அந்த விலையில் போட்டால் சாகாவுக்கும் மாதம் 290 ஆகிவிடும். அன்று அவனுக்கு எந்தப் பக்கமும் மலிவான வழி இருக்காது.

தம்பி சும்மா இருக்கவில்லை. சாகாவைச் சரிசெய்த கையோடு, குடியிருப்பில் இன்னும் பதினொரு வீட்டாரிடம் கையெழுத்து வாங்கி நிர்வாகக் குழுவிடம் கொடுத்தான். கூட்டத்தில் பல கேள்விகள் எழுந்தன. மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது? கார் வைத்திராதவர் பராமரிப்புப் பணத்தை ஏன் இதற்குச் செலவழிக்க வேண்டும்? கீழ்த்தளத்தில் தீப்பிடித்தால் என்ன செய்வது? எல்லாமே நியாயமான கேள்விகள்; எல்லாவற்றுக்கும் வழியும் உண்டு. பயன்படுத்துபவர் மட்டும் கட்டும் தனி மீட்டர், திறந்தவெளியில் இரண்டு நிறுத்துமிடங்கள், இடத்தை மட்டும் கொடுத்துவிட்டு முதலீட்டைச் சார்ஜர் நிறுவனத்திடம் விடுவது. முடிவை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்திருக்கிறார்கள்.

ஆகவே கார் கடைக்குப் போகும் முன் மூன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுத்துமிடத்துக்கு இரவில் மின்சாரம் வருமா? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுகிறீர்கள்? வருடத்தில் எத்தனை முறை தூரப் பயணம்? வாசலில் பிளக்கும் மாதம் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டமும் இருந்து, எப்படியும் அந்த விலையில் ஒரு கார் வாங்கப் போகிறீர்கள் என்றால் மின்சாரக் காரைத் தாராளமாக யோசிக்கலாம். வீட்டில் இரண்டு கார் இருந்தால் ஒன்று பெட்ரோலாக இருப்பது நல்லது. பிளக் இல்லையென்றால் இப்போதைக்குப் பெட்ரோல் காரே போதும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் மாடிவீட்டில் இருப்பவர்கள் அத்தோடு விட்டுவிடாதீர்கள். ஆண்டுக் கூட்ட அறிவிப்பு வந்தால் அதைக் குப்பையில் போடாமல் போய் உட்காருங்கள். இன்று கார் வாங்கும் எண்ணமே இல்லாவிட்டாலும் கையைத் தூக்குங்கள். அடுத்த பத்து வருடத்தில் அந்தக் கட்டடத்தில் வளரப்போகும் பிள்ளைகள் எந்தக் காரை ஓட்டுவார்கள், அதற்கு எவ்வளவு கொடுப்பார்கள் என்பதை அந்தக் கூட்டங்களும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.