மருந்தை நிறுத்தலாமோ?

தருவைகுளத்தில் படகேறி மீன்பிடித்து வாழும் எம் தாய்மாமனுக்கு வலிப்புநோய் உண்டு. ஈராண்டுகள் அது தலைகாட்டாதிருக்கவே, “இனியும் இம்மாத்திரை எதற்கு?” என்று மருத்துவரை வினவினார். யாமும் உடனிருந்தோம். மருத்துவர் ஓர் ஆராய்ச்சியை எடுத்துரைத்தார்.

பிரிட்டானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சார்பில் நிகழ்ந்து 1991-ஆம் ஆண்டில் வெளிவந்தது அது. ஈராண்டுகளேனும் வலிப்பின்றியிருந்த 1,013 பேரைச் சீட்டுக் குலுக்கினாற்போல் இரு பிரிவாக்கினர். ஒரு பிரிவினர் மருந்தைத் தொடர்ந்தனர். மற்றவர் சிறுகச் சிறுகக் குறைத்து நிறுத்தினர். அவரவர் விருப்பிற்கே விட்டிருப்பின், நோய் தணிந்தோரே நிறுத்த முன்வந்திருப்பர், ஒப்புநோக்கலும் பிழைபட்டிருக்கும். மேலும் ஈராண்டு கழிந்தபோது, தொடர்ந்தவருள் நூற்றுக்கு 78 பேரும் நிறுத்தியவருள் 59 பேரும் வலிப்பின்றியிருந்தனர்.

மாமன் நெடுநேரம் வாளாவிருந்தார். பின், “கரையில் விழுந்தால் தூக்கிவிட ஆளுண்டு, மருமகனே; கடலிலோ?” என்றார். அவ்வெண்கள் கடலைக் கணக்கிட்டனவல்ல என்பது எமக்கும் அப்பொழுதே விளங்கிற்று.

மாத்திரை தொடர்கின்றது. தொடர்ந்தோருள்ளும் நூற்றுக்கு 22 பேர்க்கு வலிப்பு மீண்டதை எண்ணி, அவர் இப்பொழுது கரையிலிருந்தே வலை செப்பனிடுகின்றார்.