காப்பிக் கொட்டையும் கறுப்பு பீரும்

ஸ்டவுட்னு சொல்ற கறுப்பு பீர்ல காப்பியே போடாம காப்பி ருசி வரும். வறுத்த பார்லி பண்ற வேலை அது. அப்புறம் எதுக்குக் காப்பின்னு கேக்குறீங்களா? பார்லி குடுக்கிறது கசப்பைத்தான். டிகாக்‌ஷன் இறங்குறப்ப வீடு பூரா மணக்குமே, அதுக்கு நிஜக் காப்பிதான் வேணும்.

நான் இருக்கிறது அமெரிக்கா. 1978-ல் கார்ட்டர் கையெழுத்துப் போட்ட சட்டப்படி, ஒத்தை ஆள் வீட்டுக்கு வருசம் 100 காலன் வரைக்கும் சொந்த உபயோகத்துக்குக் காய்ச்சிக்கலாம். விற்கத்தான் கூடாது.

செய்முறை சிம்பிள். 5 காலன் ஸ்டவுட்டுக்கு 150 கிராம் காப்பி. கொதிக்கிறப்பவே போட்டா மணம் ஆவியாப் போயிடும், கசப்புதான் மிஞ்சும். அதனால புளிச்சு முடிஞ்ச பிறகு, கொரகொரன்னு அரைச்சு, ஒரு லிட்டர் பச்சைத் தண்ணியில ராத்திரி பூரா ஃப்ரிட்ஜில் ஊறவச்சு, வடிகட்டி, பாட்டில்ல அடைக்கிற அன்னிக்குச் சேர்க்கணும். பாலுக்குப் பதிலா லாக்டோஸ், அதாவது பால் சர்க்கரை, 400 கிராம். அதை ஈஸ்ட்டால தின்ன முடியாது. இனிப்பு அப்படியே நிக்கும்.

சிக்கல் கொட்டையில வந்துச்சு. அம்மா எப்பவும் அனுப்புறது சிக்கரி கலந்த நைஸ் பொடி. இதுக்கு ஆகாது, வண்டல் தங்கிடும். எங்க ரெட்டியார்சத்திரம் ஒன்றியத்திலேயே ஆடலூர், பன்றிமலைப் பக்கம் காப்பி விளையுது. அந்தக் கொட்டையை வறுத்து, அரைக்காம அனுப்பச் சொன்னேன்.

"அரைக்காம எதுக்குடா?"

சொன்னேன். பொய் சொல்லியிருக்கலாம்தான். ஆனா எங்க மாமா குடியில போனவரு. அம்மாவோட ஒரே தம்பி. அந்த வீட்ல இதை மறைச்சுச் செய்ய மனசு வரல. போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம், "மழை பெய்யுது, துணி எடுக்கணும்"னு வச்சுட்டாங்க.

ரெண்டு மாசம் கழிச்சு, ஊர்லேருந்து வந்த நண்பர் கையில ரெண்டு பொட்டலம் குடுத்து விட்டிருந்தாங்க. பொடிப் பொட்டலத்து மேல அம்மா கையெழுத்துல 'குடிக்க'ன்னு இருந்துச்சு. கொட்டைப் பொட்டலத்து மேல ஒண்ணுமே எழுதல.

பீர் நல்லா வந்துச்சு. முதல்ல வறுத்த கசப்பு, பின்னாடியே காப்பி மணம், கடைசியில பால் இனிப்பு. ரெண்டு மூணு மாசத்துல மணம் குறைஞ்சுடும், ரொம்ப நாள் வைக்காதீங்க. நான் சனிக்கிழமைக்கு ஒரு பாட்டில். அம்மா அதைப் பத்தி இன்னும் கேக்கல. நானும் சொல்லல.

டிஸ்கி: தமிழ்நாட்டுல யாரும் இதை முயற்சி பண்ணாதீங்க. 1937-ஆம் வருச மதுவிலக்குச் சட்டப்படி வீட்ல காய்ச்சுறது குற்றம். ஊர்ல இருக்கிறவங்களுக்கு டிகாக்‌ஷனே போதும்!